ஆடுதொகையும் ஆட்டப் பிரிவும்: திண்டுக்கல் சமவெளித் தனியார் பள்ளிகளைக் கால்பந்துக்கு வகுக்கும் முறை

1. பொருளும் எல்லையும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் கால்பந்துப் போட்டிகளில் அணிகள் இரண்டு அளவைகளால் வகுக்கப்படுகின்றன. ஒன்று வயது, மற்றொன்று இடம். வயதால் 14, 17, 19 என மூன்று வரம்புகள் உள்ளன. ஜனவரி முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு ஒரு மாணவன் எந்த வரம்புக்குள் வருகிறான் என்பது தீர்மானிக்கப்படுகிறது. இடத்தால் குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என நான்கு படிகள் உள்ளன. ஒரு பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற கேள்வி இந்த ஏற்பாட்டில் எங்கும் எழுவதில்லை. வகுப்புக்கு ஒரே பிரிவு உள்ள பள்ளியும் நான்கு பிரிவுகள் உள்ள பள்ளியும் ஒரே குறுவட்டத்தில், ஒரே நாக்-அவுட் அட்டவணையில், முதல் சுற்றிலேயே எதிரெதிராக நிற்கலாம்.

அந்தக் கேள்வியை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரை. திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் உள்ள தனியார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கால்பந்துப் பிரிவுகளாக வகுக்க இயலுமா, இயலுமெனில் எந்த எண்ணைக் கொள்வது, எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பவை நம் வினாக்கள். திண்டுக்கல், ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி ஆகிய சமவெளி வட்டாரங்களையே எடுத்துக்கொள்கிறோம். கொடைக்கானலை விலக்கியதற்குக் காரணம் இரண்டு. மலைப் பாதையில் ஒரு ஆட்டத்துக்குப் போய்த் திரும்பவே ஒரு பள்ளி நாள் செலவாகும். மேலும் அங்குள்ள பெயர்பெற்ற பள்ளிகள் பல, 1901-ல் தோன்றிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியைப் போல, தொலைவிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும் விடுதிப் பள்ளிகள்.

தனியார் பள்ளிகளை மட்டும் கொண்டதற்கும் காரணம் உண்டு. குறுவட்டப் போட்டியின் விதியை மாற்ற அரசாணை வேண்டும். தனியார் நிர்வாகங்கள் தமக்குள் ஒரு லீக் நடத்திக்கொள்ள யாருடைய ஆணையும் வேண்டியதில்லை. செய்து காட்டுவதற்கு உகந்த களம் இதுவே.

2. வரையறைகள்

தனியார் பள்ளி என்பதை நாம் நிதியைக் கொண்டு வரையறுக்கவில்லை, நிர்வாகத்தைக் கொண்டு வரையறுக்கிறோம். அரசின் ஊதிய உதவி பெற்றாலும் நிர்வாகம் தனியாரிடம் இருந்தால் அது இங்கே தனியார் பள்ளி. இயேசு சபையார் நடத்தும் புனித மரியன்னை மேல்நிலைப் பள்ளி, மிஷன் மரபில் வந்த டட்லி மேல்நிலைப் பள்ளி ஆகியவை உதவிபெறும் பள்ளிகள். ஆயினும் நம் வகுப்பில் அடங்கும். இவற்றை விலக்கிவிட்டால் நகரின் பழைய மைதானங்களும் அவற்றோடு வளர்ந்த ஆட்டமும் விலகிப்போகும். சுயநிதி மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இயல்பாகவே அடங்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அவற்றின் வாரியமே க்ளஸ்டர் போட்டிகளை நடத்துவதால், ஒரே தெருவில் உள்ள இரண்டு பள்ளிகள் கால்பந்தில் ஒருவரையொருவர் காணாமலே ஆண்டுகள் கழிவதுண்டு. உள்ளூர் லீக் அந்தக் குறையையும் தீர்க்கும்.

சேர்க்கைத்தொகை என்பது பள்ளிப் பதிவேட்டில் உள்ள மொத்த மாணவர் எண்ணிக்கை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறும் எண் இதுவே.

ஆடுதொகை என்பது ஒரு குறித்த வயது வரம்பின் அணியில் இடம்பெறத் தகுதியுள்ள, ஒரு பாலைச் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கை. 17 வயது ஆண்கள் பிரிவுக்கு 9, 10, 11-ஆம் வகுப்பு மாணவர்களில் வயது வரம்புக்குள் உள்ள ஆண்களின் கூட்டுத்தொகை அது. எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூத்தோர் அணியில் ஆடக்கூடும். அத்தகையோர் அரிது என்பதால் கணக்கில் கொள்ளவில்லை.

திரட்டுப் பள்ளி என்பது தன் பேருந்து எல்லைக்கு அப்பாலிருந்து, விடுதியின் மூலமோ விளையாட்டுச் சலுகையின் மூலமோ, ஆட்டத் திறமுள்ளோரைச் சேர்க்கும் பள்ளி. அப்படிச் சேர்க்காதது அண்மைப் பள்ளி.

3. சேர்க்கைத்தொகை ஏன் ஆகாது

பிரிவு வகுப்பது பற்றிப் பேசத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் எடுப்பது சேர்க்கைத்தொகையை. எளிதில் கிடைக்கும் எண் அது. ஆனால் நம் பள்ளிகளின் அமைப்பில் அது பெரிதும் பிழைபடும்.

இரண்டு பள்ளிகளைக் கற்பித்துக்கொள்வோம். முதலாவது எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை உள்ள இருபாலர் மெட்ரிகுலேஷன் பள்ளி. வகுப்புகள் பதினான்கு, வகுப்புக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு 40 பேர். சேர்க்கைத்தொகை 1,120. இரண்டாவது ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. வகுப்புகள் ஏழு, வகுப்புக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு 40 பேர். சேர்க்கைத்தொகை அதே 1,120. பதிவேட்டில் இவை இரட்டைப் பிள்ளைகள். 9, 10, 11-ஆம் வகுப்பு ஆண்களை எண்ணினால் முதல் பள்ளியில் 120 பேர், இரண்டாவதில் 480 பேர். எல்லோரும் வயது வரம்புக்குள் இருப்பதாகக் கொண்டால் ஆடுதொகை நான்கு மடங்கு வேறுபடுகிறது.

இதற்குக் காரணங்கள் மூன்று. மழலையர், தொடக்க வகுப்புகள் ஒரு பள்ளியின் எண்ணைப் பெருக்கி அணிக்கு ஒருவரையும் தருவதில்லை. இருபாலர் பள்ளியில் பாதிப்பேர் வேறு அணிக்கு உரியவர்கள். மூன்றாவது, உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்புப் பையனின் உயரமும் எடையும் இல்லாமல் அது 17 வயதுப் போட்டியில் இறங்குகிறது. 19 வயதுப் போட்டியிலோ அதற்கு இடமே இல்லை. உயர்நிலைக்கும் மேல்நிலைக்கும் உள்ள இந்த வேற்றுமை எந்த அட்டவணையிலும் எழுதப்படாமல் ஏற்கெனவே ஒரு பிரிவினையாகச் செயல்பட்டு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடுதொகையைக் கணக்கிட்டால் மூன்று காரணங்களும் தாமே அடங்கிவிடும்.

4. ஆடுதொகை அணியின் தரத்தை எவ்வாறு ஆளுகிறது

இப்பகுதியே நம் வாதத்தின் அடிநிலை. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

இயல்திறன் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஒரேவிதமாகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். மேலே கண்ட 480 பேரை, 120 பேர் கொண்ட நான்கு குழுக்களாகக் கற்பனையில் பிரித்துக்கொள்ளலாம். 480 பேரில் சிறந்த பதினொருவர் இந்நான்கு குழுக்களிலும் சிதறிக் கிடப்பார்கள். சராசரியாகக் குழுவுக்கு மூவருக்கும் சற்றுக் குறைவு. எனவே 120 பேர் பள்ளியில் அந்தத் தரத்துக்கு நிற்கக்கூடியவர் இருவரோ மூவரோதான். மீதி எட்டோ ஒன்பதோ இடங்களுக்கு அதற்குக் கீழிருந்தே ஆள் எடுக்க வேண்டும்.

தனிநபர் போட்டியில் இது ஒரு தடையே அன்று. 100 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு பையன் போதும். அவன் எந்தச் சிறிய பள்ளியிலிருந்தும் வரலாம். குறுவட்டத் தடகளத்தில் சிற்றூர்ப் பள்ளிகள் பதக்கம் வாங்குவதும், அதே பள்ளிகள் கால்பந்தில் முதல் சுற்றோடு திரும்புவதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். கால்பந்தில் அணியின் தரத்தை முதல் ஆட்டக்காரன் மட்டும் தீர்மானிப்பதில்லை; பதினொன்றாம் ஆட்டக்காரனுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. எதிரணிப் பயிற்றுநர் முதல் பத்து நிமிடத்தில் தேடுவது தடுமாறும் பின்களத்தானைத்தான். அவனைக் கண்டுகொண்டபின் பந்து அந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருக்கும். கிறிஸ் ஆண்டர்சன், டேவிட் சாலி ஆகிய இருவரும் 2013-ல் வெளியிட்ட நூலில் தொழில்முறைக் கால்பந்தின் தரவுகளைக் கொண்டு இக்கருத்தை விரிவாக நிறுவ முயன்றுள்ளனர். பள்ளி நிலையில் திறன் இடைவெளி இன்னும் அகலம் என்பதால் கருத்து இன்னும் வலுவாகப் பொருந்தும் என்பது நம் துணிபு.

இனி எல்லைக்கோட்டின் வினா. திறன், உயரத்தைப் போல, நடுவில் செறிந்தும் ஓரங்களில் அருகியும் பரவியிருப்பதாகக் கொண்டு, பதினொன்றாம் ஆட்டக்காரனின் தரத்தைத் திட்ட விலக்க அலகில் கணக்கிட்டால் கிடைப்பது இது: ஆடுதொகை 50 எனில் அவன் சராசரிக்கு மேல் ஏறக்குறைய 0.80 அலகு, 100 எனில் 1.25, 200 எனில் 1.62; 400 எனில் 1.93, 800 எனில் 2.22. ஒவ்வொரு இரட்டிப்பும் தரத்தை உயர்த்துகிறது, உயர்வோ 0.45, 0.37, 0.31, 0.29 எனச் சிறுத்துக்கொண்டே போகிறது.

இதிலிருந்து இரண்டு முடிபுகள் வருகின்றன. முதலாவது, எல்லைகளைக் கூட்டல் வரிசையில் இடக்கூடாது, பெருக்கல் வரிசையில் இட வேண்டும். 50-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி ஆட்டத்தில் பெரிது. 750-க்கும் 800-க்கும் உள்ள அதே ஐம்பது ஒன்றுமே இல்லை. இரண்டாவது, கீழ் எல்லையில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். மேலே உள்ள பெரிய பள்ளிகளை நுணுக்கமாகப் பிரிப்பதால் பயன் சிறிது. அடியில் உள்ளவற்றைத் தனியே எடுப்பதால் பயன் பெரிது.

5. பிற நாட்டு முறைகள்

எண்ணிக்கையால் பள்ளிகளை வகுக்கும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுக்கும் குறையாதது. அங்கே ஃபுட்பால் எனப்படுவது கையாலும் ஆடும் வேறொரு ஆட்டம். வகுப்பதில் எழும் சிக்கல் மட்டும் நம்முடையதே. டெக்சாஸ் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளை யு.ஐ.எல். என்னும் அமைப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கை பார்த்து மறுபடி வகுக்கிறது. அங்குள்ள தனியார், சமயப் பள்ளிகளுக்கு டாப்ஸ் என்னும் தனிச் சங்கம் உண்டு. அதுவும் கால்பந்தில் எண்ணிக்கை கொண்டே பிரிவு வகுக்கிறது. நியூ ஜெர்ஸியில் தனியார் பள்ளிகள் ஏ, பி என்ற இரு தொகுதிகளாக நிற்கின்றன.

நமக்கு அதிகம் கற்பிப்பது திரட்டுப் பள்ளிகளை அவர்கள் நடத்திய விதம். சேர்க்கை எல்லை இல்லாத பள்ளிகளின் மாணவர் தொகையை 1.65-ஆல் பெருக்கும் விதியை இல்லினாய் மாநிலச் சங்கம் 2005-ல் கொண்டுவந்தது. ஜார்ஜியாச் சங்கம் 2022-ல் வேறு வழி சென்றது. பள்ளி முழுவதையும் பெருக்காமல், எல்லைக்கு வெளியிலிருந்து வரும் மாணவன் ஒவ்வொருவனையும் மூவராக எண்ணியது. பின்னர் அதை இருவராகக் குறைத்தது. முதல் முறை எளிது, ஆனால் திரட்டாத பள்ளியையும் தண்டிக்கிறது. இரண்டாவது நியாயமானது, ஆனால் ஒவ்வொரு மாணவனின் முகவரியையும் சரிபார்க்கச் சொல்கிறது.

மற்றொரு பாடம் 1934-ல் நெப்ராஸ்காவில் கிடைத்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் சிற்றூர்ப் பள்ளிகளால் பதினொருவரைச் சேர்க்க முடியவில்லை. ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் ஆறு பேர் ஆடும் வடிவத்தை உருவாக்கினார். டெக்சாஸின் சிறிய பள்ளிகள் இன்றும் அதை ஆடுகின்றன. சிறிய பள்ளியைச் சிறிய பள்ளியோடு மோதவிடுவதோடு நில்லாமல், ஆட்டத்தையே அப்பள்ளியின் அளவுக்குக் கொண்டுவந்தது இது. நம் அடிப்பிரிவுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது.

இலங்கைப் பள்ளிக் கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் பிரிவுகள் உண்டு. அவை எண்ணிக்கையால் அமைந்தவை அல்ல. முந்தைய ஆட்டங்களின் முடிவால் மேலேறுவதும் கீழிறங்குவதும் அங்கே முறை. இதன் தகுதியை ஏழாம் பகுதியில் காண்போம்.

6. மைதானம் என்னும் குறுக்குக் காரணம்

ஆடுதொகை ஒரு பள்ளியில் உறங்கும் ஆற்றலின் அளவு. அது எழுந்து அணியாக நிற்பதற்கு நிலம் வேண்டும். கால்பந்து விதிநூலின் முதல் விதிப்படி முழு மைதானத்தின் குறைந்த அளவு 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். அதாவது 4,050 சதுர மீட்டர், சரியாக ஒரு ஏக்கர் என்றே சொல்லலாம்.

2004-ல் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு அரசு வகுத்த குறைந்தபட்ச நில அளவை இதோடு ஒப்பிட வேண்டும். மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் ஒரு ஏக்கர், ஊராட்சியில் மூன்று ஏக்கர் என்பது அந்த அளவு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எட்டு கிரவுண்டு 19,200 சதுர அடி. ஏக்கரில் பாதிகூட இல்லை. கட்டடம் எதுவும் இல்லாமல் வெறும் தரையாக விட்டால்கூட அங்கே ஒரு கால்பந்து மைதானம் அமையாது. திண்டுக்கல் நகருக்குள் விதியை முழுமையாக நிறைவேற்றிய ஒரு பள்ளி, ஆயிரம் பிள்ளைகளோடு, பந்தை உதைக்க இடமில்லாமல் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். நத்தம் சாலையிலோ வேடசந்தூர்ப் பக்கமோ ஒரு ஊராட்சியில் உள்ள சிறிய பள்ளிக்கு விதிப்படியே மூன்று ஏக்கர் இருக்கும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இருபது பையன்கள் இருக்கமாட்டார்கள்.

ஆக, ஆளும் நிலமும் எதிரெதிராக ஓடுகின்றன. இதைக் காட்டி, எண்ணிக்கையால் வகுப்பது வீண் என்று ஒருவர் வாதிடலாம். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. நிலக் குறை தீர்க்கத்தக்கது. வாரத்தில் இரு மாலை மாவட்ட விளையாட்டரங்கத்தையோ பழைய மிஷன் பள்ளி ஒன்றின் மைதானத்தையோ பகிர்ந்துகொண்டால் போதும். ஆள் குறையை எந்த வாடகையாலும் தீர்க்க முடியாது. தீர்க்க முடியாத காரணத்தைக் கொண்டு வகுப்பதும், தீர்க்கத்தக்கதை ஏற்பாட்டால் தீர்ப்பதுமே முறை. மேலும், சிற்றூர்ப் பள்ளியின் மூன்று ஏக்கர் அதற்கு ஒரு மதிப்பைத் தருகிறது: நகரப் பள்ளிகள் அங்கே வந்து ஆடலாம். நகரத்தார் எப்போதும் அழைப்பவராகவும் சிற்றூரார் எப்போதும் வேனேறி வருபவராகவும் இருக்கும் வழக்கம் மாறுவது நல்லதே.

7. பிரிவுகளின் அமைப்பு

17 வயது ஆண்களுக்கு மூன்று பிரிவுகளை முன்மொழிகிறோம். எல்லை விகிதம் மூன்று.

முதற்பிரிவு: ஆடுதொகை 180-க்கு மேல். இங்கே மேல் வரம்பு இல்லை. நான்காம் பகுதியில் கண்டபடி 200-க்கு மேல் இரட்டிப்பின் பயன் சிறுத்துவிடுவதால், 250 பேர் பள்ளி 500 பேர் பள்ளியைப் பயிற்சியால் எட்டிப்பிடிக்கலாம்.

இடைப்பிரிவு: 60 முதல் 180 வரை. வகுப்புக்கு இரண்டு பிரிவு உள்ள இருபாலர் மெட்ரிகுலேஷன் பள்ளி, நாம் கண்ட 120 பேர் பள்ளியைப் போல, இதன் நடுவில் நிற்கும். இந்தப் பிரிவே லீக்கின் முதுகெலும்பாக அமையும்.

அடிப்பிரிவு: 60-க்குக் கீழ். இதில் அணிக்கு ஏழு பேர் ஆடுவர். மைதானம் முழு அளவில் பாதி. ஆட்ட நேரமும் குறைவு. விதிநூலின் மூன்றாம் விதி, ஏழு பேருக்குக் குறைந்தால் பதினொருவர் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்கிறது. காய்ச்சலாலும் உறவினர் திருமணத்தாலும் சில பையன்கள் வராத நாளில் வாக்-ஓவர் கொடுத்துப் பழகிய பள்ளிகளுக்கு ஏழு பேர் ஆட்டம் அந்த இழிவிலிருந்து விடுதலை தரும். ஒரு பையன் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை பந்தைத் தொடுகிறான் என்பதே கற்றலின் அளவு. ஏழு பேர் ஆட்டத்தில் அது மிகும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் சிறுவர்களை ஐவர், எழுவர், ஒன்பதின்மர் எனப் படிப்படியாக ஏற்றிப் பதினொருவர் ஆட்டத்துக்குக் கொண்டுசெல்வதும் இதனாலேயே.

திரட்டுப் பள்ளிக்கான திருத்தம்: பெருக்கியை நாம் விரும்பவில்லை. அணிப்பட்டியலில் உள்ளவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒன்பதாம் வகுப்பிலோ அதன் பின்னரோ வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் எனில், அப்பள்ளி ஒரு பிரிவு மேலே ஆட வேண்டும். மாற்றுச் சான்றிதழில் முந்தைய பள்ளியை விட்டு விலகிய நாள் இருக்கிறது. வேறு விசாரணை வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வருவோர் இக்கணக்கில் சேரார். அவர்களுக்கு வேறு வழியே இல்லை.

இலங்கை முறையின் தகுதி இங்கே நினைக்கத்தக்கது. வெற்றி தோல்வியால் ஏற்றி இறக்குவது ஒரு நிர்வாகத்தின் உழைப்பை மதிக்கும். பள்ளி அணிக்கோ அது முழுதும் பொருந்தாது: கிளப்பின் ஆட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் தொடர்வார், பள்ளி அணி மூன்றாண்டில் முற்றிலும் மாறிவிடும். அண்ணன்மார் வென்று ஏற்றிய பிரிவில் தம்பிமார் அடிவாங்குவது முறையன்று. ஆகவே பிரிவை எண்ணிக்கையே தீர்மானிக்கட்டும். கீழ்ப்பிரிவு வெற்றியாளர் விரும்பினால் மறு ஆண்டு மேற்பிரிவில் ஆடும் உரிமை மட்டும் தரலாம். கட்டாயம் கூடாது.

8. எழும் மறுப்புகள்

மெலிந்த பிரிவில் வாங்கும் கோப்பை பொய்க் கோப்பை என்பது முதல் மறுப்பு. லீக்கின் பிரிவு எதுவாயினும், குறுவட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் பிரிவின்றியே ஆடப்போகின்றன. 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பையிலும் பள்ளியின் அளவு கேட்கப்படுவதில்லை. திறந்த களம் எங்கும் போய்விடவில்லை. நாம் சேர்ப்பது, அந்தக் களத்துக்கு முன்னால் எட்டோ பத்தோ ஆட்டங்கள். நாக்-அவுட்டில் முதல் சுற்றோடு திரும்பும் பள்ளி ஆண்டு முழுதும் ஆடுவது ஒரே ஓர் ஆட்டம். ஒரே ஆட்டத்தை நம்பி எந்த உடற்கல்வி ஆசிரியரும் தலைமையாசிரியரிடம் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்க முடியாது.

நாட்காட்டி பற்றியது இரண்டாவது மறுப்பு, இது வலுவானது. மார்ச்சில் பொதுத்தேர்வு, ஜனவரி முதலே பத்தாம் வகுப்புப் பையனை மைதானத்தில் காண முடியாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. எஞ்சுவது ஜூன் நடு முதல் செப்டம்பர் வரை. அதிலும் ஆடிக் காற்றில் மாலையில் உயரப் பந்து நிற்பதில்லை. சனிக்கிழமைக் காலை ஏழு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்குவதும், நகரம், வேடசந்தூர்–ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை–ஆத்தூர் எனப் பக்கம்பக்கமாக அணிகளைச் சேர்ப்பதும் தவிர வேறு வழி இல்லை.

9. பெண்கள் பிரிவு

பெண்களின் ஆடுதொகையைத் தனியே எண்ண வேண்டும். ஆண்களின் பிரிவு அவர்களின் பிரிவைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி முதற்பிரிவில் நிற்க, பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளி அடிப்பிரிவில் நிற்கும். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. ஆயினும் பல தனியார் பள்ளிகளில் பெண்கள் கால்பந்து அணி என்பதே இல்லை. இங்கே ஆடுதொகை உண்மையான ஆற்றலைக் காட்டாது, ஏனெனில் ஆட அழைக்கப்படாதவர்களையும் அது எண்ணுகிறது. எனவே முதல் மூன்றாண்டுகளுக்கு எல்லாப் பள்ளிகளுக்கும் எழுவர் ஆட்டமே, எண்ணிக்கை 60-க்குக் கீழ் உள்ள அண்டைப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து ஓரணி அமைக்கும் உரிமையோடு. நான்காம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் பதிவேட்டைக் கொண்டு ஆடுதொகையை எண்ணி, 60, 180 என்னும் அதே எல்லைகளில் அவர்களையும் வகுக்கலாம்.